வெறும் வயிறும் ஒரு கிளாஸ் வரக்காப்பியும்

மருத்துவமனையின் ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று தர வேண்டும் என்று இளைய செவிலியர்கள் சிலர் என் வீட்டுக்கே வந்து கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். ஓய்வு பெற்றவர்கள் எழுதும் கட்டுரைகளில் தற்புகழ்ச்சி ஒரு பாதி, இன்றைய தலைமுறையின் மீது குறை மறு பாதி என்பது என் நெடுநாளைய கருத்து. பின்னர் மனம் மாறியதற்கு அவர்களுள் ஒருத்தி கேட்ட கேள்விதான் காரணம்.

“மேடம், இப்பத்தான் எடை கொறைக்கிற ஊசியே வந்திருச்சே. ஏறி நின்னா ஒடம்புல கொழுப்பு எவ்வளவுன்னு மிஷினே சொல்லுது. இன்னமும் இந்த டேப்ப வச்சு ஒவ்வொருத்தர் இடுப்பையும் எதுக்கு மேடம் அளக்கணும்?”

அந்த ஊசியைப் பற்றி நான் கருத்துச் சொல்லப்போவதில்லை. யாருக்குத் தேவை, யாருக்குக் கூடாது என்பது மருத்துவர் தீர்மானிக்க வேண்டியது. மருந்துக் கடைக்காரரோ பக்கத்து வீட்டுக்காரரோ தீர்மானிப்பதல்ல. ஆனால் டேப்பைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு. அதனால் எழுதுகிறேன்.

மதுரையில் இளங்கலை செவிலியர் பட்டம் பெற்றவுடன் போடிநாயக்கனூருக்கு வந்தேன். அறக்கட்டளை ஒன்று நடத்திய அந்த மருத்துவமனையில் வார்டு செவிலியராகச் சேர்ந்து, செவிலியர் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். கல்லூரிப் பாடநூலில் சர்க்கரை நோயாளி என்றால் நாற்காலி கொள்ளாத பருத்த மனிதர் ஒருவரின் படம்தான் இருந்தது. போடிக்கு வந்த புதிதில் அந்தப் படம் எனக்குப் பொருத்தமாகவே தோன்றியது. எங்கள் புறநோயாளிப் பிரிவில் உட்கார்ந்திருந்த ஏலக்காய் வியாபாரிகள் பலர் அந்தப் படத்திலிருந்து எழுந்து வந்தவர்கள் போலவே இருந்தார்கள். பிறகு மலைத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகும் பெண்கள் வந்தார்கள். கையும் காலும் குச்சி. அட்டை கடித்த இடம் மாதக்கணக்கில் ஆறாத புண். பரிசோதித்தால் இரத்தத்தில் சர்க்கரை. பாடநூலின் படத்தை நான் அப்போதே மனத்திலிருந்து எடுத்துவிட்டேன்.

எங்கள் தலைமை மருத்துவரை ஊரே பெரிய டாக்டர் என்றுதான் அழைத்தது. அவர் குரலை உயர்த்தி நான் ஒருமுறையும் கேட்டதில்லை. தவறு செய்தவரைப் பார்த்து, “இன்னொரு தடவை பாருங்க” என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது. அந்த ஒரு வாக்கியத்துக்கு நடுங்காத ஊழியர் எங்கள் மருத்துவமனையில் இல்லை.

அவருடைய வெள்ளைக் கோட்டுப் பையில் ஸ்டெதஸ்கோப்போடு ஓர் அளவு டேப்பும் இருக்கும். துணி டேப் நாளடைவில் இழுபட்டு நீளும் என்பதால், இரும்பு ஸ்கேலோடு அதை அடிக்கடி ஒப்பிட்டுப் பார்ப்பார். நீண்டிருந்தால் நான்காக வெட்டிக் குப்பையில் போடுவார். வேறு யாரும் எடுத்து அளந்துவிடக் கூடாது என்பதற்காக.

அவர் கற்பித்த முறையை அப்படியே எழுதுகிறேன். நோயாளி பாதங்களைச் சேர்த்து நிமிர்ந்து நிற்க வேண்டும். கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்பை விரலால் தொட்டறிய வேண்டும். இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் அப்படியே. இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்ற வேண்டும். ஆடையின் மேல் அளப்பது அளவே அல்ல. டேப் தோலைத் தொட வேண்டும், தோலை அழுத்தக் கூடாது. முதுகுப்புறம் டேப் இறங்கியிருக்கிறதா என்று சுற்றிவந்து பார்க்க வேண்டும். மூச்சை வெளியே விட்ட முடிவில் அளவைப் படிக்க வேண்டும். இதில் ஒரு சிக்கல் உண்டு. டேப் வயிற்றில் பட்டவுடன் எவரும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். எக்கிய வயிற்றின் அளவு பொய். “எக்காதீங்க” என்று சொன்னால் இன்னும் எக்குவார்கள். பெரிய டாக்டர் அப்படிச் சொல்லவே மாட்டார். “வீட்டுல இன்னைக்கு என்ன கொழம்பு?” என்று கேட்பார். பதில் சொல்லும்போது வயிறு தானாகத் தளரும். சொல்லி முடித்து மூச்சு விடும்போது அவர் அளவைப் படித்திருப்பார்.

எடை எதற்கும் உதவாது என்று அவர் சொன்னதே இல்லை. எடை கூடக் கூடச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பும் கூடும் என்பதில் அவருக்கு ஐயமில்லை. ஆனால் எடை என்பது எலும்பு, தசை, நீர், கொழுப்பு எல்லாம் சேர்ந்த மொத்தக் கணக்கு. கொழுப்பு எங்கே இருக்கிறது என்பதை எடைக்கருவி சொல்லாது. தோலுக்கடியில் இருப்பதைவிட, வயிற்றுக்குள் ஈரலையும் குடலையும் சூழ்ந்து சேர்வதுதான் இன்சுலினின் வேலையை அதிகமாகக் கெடுக்கிறது. நம் மக்களுக்கு, கை கால் மெலிந்திருக்கும்போதே அது உள்ளே சேர்ந்துவிடுகிறது. பெண்களுக்கு எண்பது சென்டிமீட்டர், ஆண்களுக்குத் தொண்ணூறு என்று நமக்கு எல்லையைக் குறைத்து வைத்திருப்பது அதனால்தான்.

ஒருமுறை ஏலக்காய் வியாபாரி ஒருவர், “நான் ஒன்னும் அவ்வளவு கனமில்லயே டாக்டர், என்னய எதுக்கு அளக்குறீங்க?” என்று மறித்தார்.

“ஏலத்துல காய் எடுக்கும்போது பருமன மட்டும் பாத்தா எடுக்குறீங்க?” என்றார் டாக்டர்.

“அதெப்படிங்க? ஒரு லிட்டர் அளந்தா எத்தன கிராம் நிக்குதுன்னு பாப்போம். காய் பாக்கப் பருமனா இருக்கும், உள்ள அரிசி, அதான் விதை, இருக்காது. சிறுசா இருக்கும், கனம் நிக்கும்.”

“நானும் உள்ள என்ன இருக்குன்னுதான் பாக்குறேன். நில்லுங்க.”

வியாபாரி நின்றார்.

இனி நான் சொல்ல வந்த நிகழ்ச்சிக்கு வருகிறேன்.

போடியிலிருந்து விடியற்காலையில் புறப்படும் ஜீப்புகளைப் பார்க்காதவர் இந்த ஊரில் இருக்க முடியாது. முந்தல் வழியாகக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டைத் தாண்டி, கேரளப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிச் சென்று, மாலையில் இறக்கிவிடும். அந்தப் பெண்கள் பகலில் மருத்துவமனைக்கு வர முடியாது. வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். ஆகவே காய் எடுப்பு தொடங்கிய பருவத்தில், ஜீப்பு நிற்கும் இடத்திலேயே பரிசோதனை முகாம் நடத்துவது என்று பெரிய டாக்டர் முடிவு செய்தார். பொறுப்பு என்னுடையது.

ஜீப்புகளில் ஒன்று பெருமாள் கங்காணியுடையது. ஆட்களைத் திரட்டித் தோட்டத்துக்குக் கூட்டிச் செல்வதும், அங்கே வேலை வாங்குவதும் அவர் தொழில். முகாமுக்கு இடம் கொடுத்தவர் அவரே. “நம்ம ஜீப்பு நிக்கிற எடத்துலயே வச்சுக்கங்க நர்சம்மா. ஆளுகளச் சாப்பிடாம வரச் சொல்லிர்றேன். மறைப்புக்குத் தார்ப்பாயும் தர்றேன்” என்றார். அந்த உற்சாகத்தின் காரணம் பின்னால்தான் தெரிந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அவருடைய ஆட்களில் ஒரு பெண் தோட்டத்துச் சரிவில் மயங்கி விழுந்திருக்கிறார். அவருக்குச் சர்க்கரை நோய் இருந்ததாம். தோட்டத்து முதலாளி கங்காணியைக் கண்டித்திருக்கிறார். அன்றிலிருந்து, “சக்கரக்காரவுக வீட்டுல இருங்க, மலையில விழுந்தா எவன் தூக்குறது?” என்பது கங்காணியின் சட்டம். சர்க்கரை என்று தெரிந்தால் ஜீப்பில் இடமில்லை.

தார்ப்பாய் மறைப்புக்குள் முதலில் வந்தவர் ராமுத்தாய். பருத்த உடம்பு, அதைவிடப் பெரிய வாய்.

“இத்தன பேர விட்டுட்டு என்னய மொதல்ல ஏத்துறீங்களே சிஸ்டர், மிஷினு ஒடஞ்சா நானா பொறுப்பு?”

என் இளைய செவிலியர் ஒருத்தி சிரித்தாள். நான் திரும்பிப் பார்த்தேன், சிரிப்பு நின்றது. நோயாளி தன் உடம்பைப் பற்றிக் கேலி பேசலாம். செவிலியர் அதற்குச் சிரிக்கக் கூடாது. என் வார்டில் இந்த விதிக்கு விலக்கு இருந்ததில்லை.

அடுத்து வந்தவர் செல்லத்தாயி. நாற்பதை நெருங்கும் வயது. சேலைக்கு மேல் கணவரின் முழுக்கைச் சட்டை, அதற்கு மேல் ஈரம் படாமல் இடுப்பைச் சுற்றிக் கட்டிய உரச்சாக்கு. காய் எடுப்பதில் அந்த ஜீப்பில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று பின்னர் அறிந்தேன். கணவருக்கு நிலையான வேலை இல்லை. பிள்ளைகளின் படிப்பு இவர் கூலியில் நடந்தது.

“வெரசா விடுங்க சிஸ்டர், ஜீப்பு போயிரும். என் ஒடம்புல அளக்க என்ன இருக்கு?”

“அவளுக்கு டேப்பு எதுக்கு சிஸ்டர், நூலு போதும்!” என்று வெளியிலிருந்து ராமுத்தாய் குரல் கொடுத்தார்.

எடை குறைவுதான். சாக்கை அவிழ்க்கச் சொன்னேன்.

“அவுத்தாத் திருப்பிக் கட்ட நேரமாகும். மேலாப்புல அளந்துக்கங்க.”

“சரியாக அளப்பேன். இல்லையென்றால் அளக்கவே மாட்டேன்” என்றேன்.

முணுமுணுத்துக்கொண்டே அவிழ்த்தார். மெலிந்த தோள்கள், மெலிந்த கைகள். அவற்றுக்குச் சற்றும் பொருந்தாமல் முன்தள்ளிய வயிறு. வீட்டில் என்ன குழம்பு என்று கேட்டேன்.

“ராத்திரி வச்ச கருவாட்டுக் கொழம்பு. ஏன், கொண்டாரவா?”

அளவைப் படித்தேன். எண்பதைத் தாண்டியிருந்தது. முதுகுப்புறம் பார்த்துவிட்டு மறுபடியும் அளந்தேன். மாற்றமில்லை. என் முகத்தை அவர் பார்த்துவிட்டார்.

“என்ன சிஸ்டர், நூலு பத்தலையா?”

அன்றைய இரத்தப் பரிசோதனை முடிவுகளை மேசையில் வைத்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. மற்ற ஜீப்புகளின் ஆட்களில் சிலருக்குக் கூடுதல், பலருக்கு இயல்பு. பெருமாள் கங்காணியின் ஜீப்பில் மட்டும் ஏறத்தாழ எல்லோருக்குமே கூடுதல். ஆய்வகப் பணியாளர், “ஸ்ட்ரிப்பு கெட்டுப்போயிருக்கும் சார்” என்றார். அதற்கு வாய்ப்பில்லை, முகாமுக்கு முன் கருவியையும் ஸ்ட்ரிப்பையும் சரிபார்த்தவள் நான். அதைச் சொன்னேன்.

பெரிய டாக்டர் என்னைப் பார்த்தார். “மிஷினுக்கு ஜீப்பு அடையாளம் தெரியுமா சிஸ்டர்?”

“தெரியாது, சார்.”

“அப்ப ஜீப்பப் போய் இன்னொரு தடவை பாருங்க.”

மறுநாள் விடியற்காலை, கருவி எதுவும் இல்லாமல் அங்கே போய் நின்றேன். ஜீப்பின் முன்னால் பெருமாள் கங்காணி ஒரு பெரிய தூக்குவாளியோடு நின்றிருந்தார். உள்ளே பால் சேர்க்காத வரக்காப்பி, விரலில் பட்டால் ஒட்டும் அளவுக்குச் சீனி. ஒவ்வொரு பெண்ணாக வந்து கிளாஸை வாங்கிக் குடித்துவிட்டு ஜீப்பில் ஏறினார்கள். உபசரிப்பு என்றுதான் நினைத்தேன். ராமுத்தாய் விளக்கினார்.

“சீசன்ல ஆள் கெடைக்காதுல்ல சிஸ்டர், ஒரு கங்காணி ஆள இன்னொரு கங்காணி இழுத்துக்கிருவாரு. அதுக்குத்தான் இந்தக் காப்பி. கிளாஸக் கையில வாங்கிட்டா அன்னைக்கு அவரு ஆளு. வாங்கலன்னா நம்ம எடத்துல வேற ஆளு ஏறிரும்.”

“முகாம் அன்றும் குடித்தீர்களா?”

“குடிக்காம எப்படி ஏறுறது? தார்ப்பாய்க்குள்ள வர்றதுக்கு முன்னாடியே குடுத்துட்டாரு. ஆனா வெறும் வயிறுதான். காப்பி என்ன சாப்பாடா?”

அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. அந்தக் கிளாஸ் அவர்களுக்கு உணவல்ல, வருகைப் பதிவு. இதைக் கேட்ட பெரிய டாக்டர் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தார். பிறகு, “ஞாயித்துக்கெழம தோட்டம் கிடையாதே. ஆய்வகத்தத் தொறங்க” என்றார்.

ஞாயிறன்று அந்த ஜீப்பின் பெண்கள் தண்ணீரைத் தவிர வேறெதுவும் தொடாமல் மருத்துவமனைக்கு வந்தார்கள். இரத்தம் எடுத்து, குளுக்கோஸ் கரைத்த நீரைக் குடிக்கச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் எடுத்தோம். அந்த இரண்டு மணி நேரமும் யாரும் நடமாடக் கூடாது, வெற்றிலை போடக் கூடாது என்று நாற்காலி போட்டு நானே வாசலில் அமர்ந்திருந்தேன். “இதுக்கு மலையிலயே கெடக்கலாம், சிஸ்டருக்கு நம்ம கங்காணியே தேவல” என்று ஒரு குரல் வந்தது. யாரென்று திரும்பிப் பார்க்கவில்லை, தெரிந்த குரல்தான்.

முடிவுகள் வந்தன. பெரும்பாலோருக்கு இயல்பு. ராமுத்தாய்க்கும் இயல்பு. “இன்னைக்கு நல்லாருக்கு, ஆத்தா. ஆனா இது சாசனம் இல்ல. எடையும் இடுப்பும் கொறையணும், வருசா வருசம் பாக்கணும்” என்றார் டாக்டர். செல்லத்தாயிக்கோ தெளிவாகக் கூடியிருந்தது. சர்க்கரை நோய் என்று சொல்லும் எல்லைக்குக் கீழே, இயல்பு என்று சொல்லும் எல்லைக்கு மேலே.

“நோய் இன்னும் வரல. வர்ற வழியில நிக்குது” என்றார் டாக்டர்.

செல்லத்தாயி நம்பவில்லை. “எங்கம்மாவுக்குத்தான் சக்கர இருந்துச்சு டாக்டர். கனத்த ஒடம்பு. புண்ணு ஆறாம முட்டுக்கு மேல கால எடுத்தாங்க. அதுக்கப்புறம் ரொம்ப நாளு இருக்கல. நான் எங்கப்பா சாடை, ஒல்லி. எனக்கு வராதுன்னு நெனச்சேன். நெதம் மலைக்குப் போற ஆளுக்கு எப்படி வரும்?”

டாக்டர் அவருடைய ஒரு நாளைச் சொல்லச் சொன்னார். விடியலில் சீனிக் காப்பி, ஜீப்பு, தோட்டத்தில் காய் எடுப்பு. ஏலச்செடியின் காய், செடியின் அடியில் தரையோடு படரும் சரத்தில் காய்க்கும். அதனால் செடிக்குச் செடி குந்தியபடியே பகல் கழியும். பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் மறுபடி சீனிக் காப்பி. மாலையில் இறங்கியவுடன் பசிக்குப் புரோட்டா. இரவு சமைத்து முடித்து, குவித்த சோறு, உடனே படுக்கை.

“மலை ஏறுறது ஜீப்பு, ஆத்தா” என்றார் டாக்டர். “நீங்க உக்காந்துதான இருக்கீங்க.”

செல்லத்தாயியின் தாய் மலையடிவாரக் குரங்கணியிலிருந்து மேலே தோட்டத்துக்கு நடந்தே போனவர் என்றும், சம்பளம் கூடி, ஜீப்பில் போகத் தொடங்கி, நடை நின்ற பிறகே நோய் வந்தது என்றும் பின்னர் என்னிடம் சொன்னார். அன்று அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

“இது கங்காணி அண்ணனுக்குத் தெரியுமா சிஸ்டர்?”

“தெரியாது. என் வாயிலிருந்து யாருக்கும் தெரியாது.”

என் பணிக்காலத்தில் ஒரு நோயாளியின் முடிவும் என் வழியாக வெளியே போனதில்லை. இதை அடக்கத்துக்காக மறைக்க நான் விரும்பவில்லை.

செய்ய வேண்டியதை டாக்டர் சொன்னார். சீனியை விடுவது, புரோட்டாவுக்குப் பதில் சுண்டலோ அவித்த முட்டையோ, சோற்றைக் குறைத்துக் காயையும் பருப்பையும் கூட்டுவது, சீக்கிரம் சாப்பிடுவது, தினமும் நடப்பது. வயிற்றளவு குறைந்தால் நோய் வருவதைத் தள்ளிப்போடலாம், பலருக்குத் தவிர்க்கவும் முடியும் என்றார். செல்லத்தாயி எல்லாவற்றுக்கும் தலையசைத்தார், ஒன்றைத் தவிர.

“மத்ததெல்லாம் செய்றேன். காலைக் காப்பி மட்டும் என் கையில இல்ல டாக்டர். சீனி வேணாம்னா எதுக்குன்னு கேப்பாரு. அதோட என் எடம் போச்சு.”

ஒரு பக்கம் தாயின் கால், மறு பக்கம் ஜீப்பில் இடம். அந்தப் பெண் இரண்டுக்கும் நடுவில் நின்றிருந்தார்.

சில நாட்களில் பெருமாள் கங்காணி மருத்துவமனைக்கு வந்தார். வெளுத்த வேட்டி, கழுத்தில் மப்ளர்.

“எடம் குடுத்தது நானு, தார்ப்பாய் குடுத்தது நானு. நம்ம ஆளுகள்ல யார் யாருக்குச் சக்கரன்னு மட்டும் சொல்லுங்க நர்சம்மா. வேறொன்னும் கேக்கல.”

“சொல்வதற்கில்லை.”

“அவுக நல்லதுக்குத்தான கேக்குறேன்? சரிவுல விழுந்தா நான்ல பதில் சொல்லணும்?”

“முகாம் அன்று உங்களுக்கும் பரிசோதித்தோம். அந்த முடிவை ராமுத்தாயிடம் சொல்லட்டுமா?”

அவர் மப்ளரைச் சரிசெய்துகொண்டார். “அது எப்படிங்க? அது என் ஒடம்பு.”

“அதே நியாயம்தான்.”

எழுந்தார். வாசல் வரை போய்த் திரும்பினார். “படிச்சவுக சொல்லாட்டிப் போங்க. எனக்கா தெரியாது? இனிமே எவ காப்பிக்குச் சீனி வேணாங்கிறாளோ, அவதான்.”

அவர் போன பிறகு நான் அதை டாக்டரிடம் சொன்னேன். மருத்துவத்தில் நம் கை எட்டாத இடம் ஒன்று உண்டு, அது இது என்றார். செல்லத்தாயியை அழைத்து, கங்காணி சொன்னதை மட்டும் எச்சரிக்கையாகத் தெரிவித்தேன். என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. சொல்ல எனக்கு உரிமை இல்லை, கூலி அவருடையது.

காய் எடுப்பின் அடுத்த சுற்றில் மறுபடியும் முகாம் நடத்தினோம். இம்முறை எடையும் இடுப்பும் மட்டும், இரத்தம் ஞாயிறன்று. செல்லத்தாயி மறைப்புக்குள் வந்தவர் நான் கேட்கும் முன்பே சாக்கை அவிழ்த்தார். எடையில் பெரிய வேறுபாடு இல்லை. டேப்பைச் சுற்றினேன். சென்ற முறை படித்த எண்ணில் பிடித்தால் தளர்ந்து நின்றது, இன்னும் உள்ளே இழுக்க வேண்டியிருந்தது. இருமுறை அளந்தேன்.

“நூலு பத்துதா சிஸ்டர்?”

“ஏறத்தாழ” என்றேன். என் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வருவது அரிது.

ஊருக்குள் வரும் முன்பே ஜீப்பிலிருந்து இறங்கி மீதித் தூரம் நடந்து வருவதாகச் சொன்னார். “கிறுக்குத்தனமா நடக்குறாளேன்னு எல்லாரும் சிரிக்கிறாளுக. சிரிக்கட்டும். காலைக் காப்பியத்தான், ரெண்டு மடக்குக் குடிச்சிட்டு ஜீப்புக்குப் பின்னால போய் ஊத்திர்றேன். திருடி மாதிரி இருக்கு சிஸ்டர். நான் என்னத்தத் திருடுனேன்?”

அதற்கு நான் பதில் சொல்லும் முன், சாக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு தார்ப்பாயை விலக்கி வெளியே போனார். நானும் பின்னால் வந்தேன்.

கங்காணி வழக்கம்போலத் தூக்குவாளியோடு நின்றிருந்தார். பெண்கள் வரிசையில் இருந்தார்கள். செல்லத்தாயி முறை வந்தது. கிளாஸை வாங்கினார். கங்காணியின் முகத்துக்கு நேரே, அவர் செருப்புக்கு ஒரு முழத் தூரத்தில், காப்பி முழுவதையும் நிதானமாகத் தரையில் ஊற்றினார். காலிக் கிளாஸை அவர் கையில் கொடுத்தார்.

“ஏ, என்னத்தா செய்ற?”

“கிளாஸ வாங்கிட்டேன்ல அண்ணே? இன்னைக்கு நான் ஒங்க ஆளு.”

“சீனிய மண்ணுல ஊத்துறியே, வெல தெரியுமா ஒனக்கு?”

“தெரியும்ணே. எங்கம்மா ஒரு காலக் குடுத்து வாங்குனா.”

வரிசையில் யாரும் அசையவில்லை. ஓட்டுநர் ஜீப்பின் எஞ்சினை நிறுத்தினார்.

“எனக்குச் சக்கர இல்ல” என்றார் செல்லத்தாயி. “வர்ற வழியில நிக்குதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. வர விடமாட்டேன். நான் சரிவுல விழுவேன்னு ஒங்களுக்குப் பயமா இருந்தா, இன்னைக்கு எனக்குப் பக்கத்துச் செடியில நீங்களும் குந்துங்க. யாரு மொதல்ல எந்திரிக்கிறான்னு பாப்போம்.”

கங்காணி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். என்னிடமிருந்து அவருக்கு எதுவும் கிடைக்கவில்லை.

“அண்ணே” என்றார் ராமுத்தாய், “அவள விட்டுட்டுப் போனா ஒங்களுக்குத்தான் காய் கொறையும். எனக்கும் நாளையிலருந்து சீனி போடாமக் குடுங்க. ஒங்க ஜீப்பாவது கொஞ்சம் மூச்சு விடட்டும்.”

சிரிப்பு வெடித்தது. கங்காணி காலிக் கிளாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை வாளியின் மூடிமேல் கவிழ்த்து வைத்தார்.

“சரி சரி, ஏறுங்க. வெயிலு வந்துரும்.”

செல்லத்தாயி ஏறினார். முன்வரிசையில் இடம் கொடுத்தார்கள்.

அந்தப் பருவம் முடிவதற்குள் ஜீப்பின் முன்னால் இரண்டு தூக்குவாளிகள் நின்றன. ஒன்றில் சீனி இல்லை. கங்காணி எந்த வாளியில் குடித்தார் என்பது எனக்குத் தெரியும். ஏன் என்பதும் தெரியும். இரண்டையும் எழுத எனக்கு உரிமை இல்லை.

இளைய செவிலியர்களுக்கு என் விடை இதுதான். அன்று எடைக்கருவியை மட்டும் நம்பியிருந்தால் செல்லத்தாயியை வாழ்த்தி அனுப்பியிருப்போம்; கண்ணை மட்டும் நம்பியிருந்தால் ராமுத்தாயை நோயாளி என்று முடிவு கட்டியிருப்போம். புதிய கருவிகள் வரட்டும். அவற்றையும் முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அளக்கும்போது சாக்கை அவிழ்க்கச் சொல்லுங்கள். வெறும் வயிறு என்று ஒருவர் சொன்னால், அன்று காலை அவர் கைக்கு எந்தக் கிளாஸ் வந்தது என்றும் கேளுங்கள். டேப் இழுபட்டிருந்தால் வெட்டி எறியுங்கள்.

இதை எழுதும் முன் ராமுத்தாயிடம் அனுமதி வாங்கினேன்; பிறகு செல்லத்தாயியைத் தொலைபேசியில் அழைத்து அனுமதி கேட்டேன். ஞாயிறு பரிசோதனைகளுக்கு இன்றும் தவறாமல் வருகிறவர். ஒரே மூச்சில் சம்மதித்தார். எல்லோர் பெயரையும் மாற்றித்தான் எழுதுவேன் என்றேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை.

“மாத்துனா மாத்திக்கங்க சிஸ்டர். மத்த ரிசல்ட்டு எல்லாம் ஒங்க வழக்கப்படி பூட்டியே வச்சுக்கங்க. ஆனா ஒன்னு மட்டும் எழுதிருங்க. அவளுக்கு ரெண்டு காலும் இருக்கு, அந்தக் காலுலதான் இப்பவும் நடக்குறாள்னு.”

எழுதிவிட்டேன்.